எண்ணூர் நத்தையும் பிரஸ்டனின் கட்டுரையும்



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கச் சொல்லிக் கடிதம் வந்தபோது மகிழ்ச்சியோடு கொஞ்சம் உதறலும் இருந்தது. முன்வரிசையில் என் ஆசிரியர்கள் அமர்ந்திருக்கிறார்கள். என் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியவர்களும் அமர்ந்திருக்கிறார்கள். இரண்டுமானவர்களும் உண்டு.

அழைப்பிதழில் 'ஆற்று மெல்லுடலிகள்: வகைப்பாடும் பாதுகாப்பும்' என்று அச்சாகியிருக்கிறது. பாதுகாப்பைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் பிற்பகலில் பேசுகிறார்கள். எண்ணூரில் கூடியிருப்பதால் ஒரு வார்த்தை மட்டும் சொல்கிறேன். கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கிய கதையும் உங்களுக்குத் தெரியும். அவற்றோடு காக்கா ஆழியும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க வெப்பமண்டலக் கரைகளுக்குச் சொந்தமான சிப்பி அது. இறால் கிடக்கும் சேற்றை அது மூடிவிட்டது என்று முதலில் சொன்னவர்கள் இங்குள்ள மீனவர்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. நாமோ அதன் பெயர் சார்ருவானாவா, ஸ்ட்ரிகேட்டாவா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2018இலேயே மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்று முடித்து வைத்திருந்தார்கள். அந்த ஓட்டில் கறுப்பு உண்டு, பழுப்பு உண்டு, பச்சையும் உண்டு. நிறத்தை மட்டும் பார்ப்பவர் பச்சை ஆழியோடு சேர்த்துவிடுவார்.

சிப்பியை இத்தோடு விட்டு நத்தைக்கு வருகிறேன்.

வெப்பமண்டல ஆறுகளிலிருந்து புதிய நத்தைகள் தொடர்ந்து விவரிக்கப்படுகின்றன. ஒரு மாணவர் ஆற்றில் ஒரு நத்தையை எடுக்கிறார். அண்மையில் வெளியான விவரிப்பைத் திறந்து உயரம், அகலம், சுற்றுகள், ஒரு புகைப்படம் எல்லாவற்றையும் ஒப்பிடுகிறார். ஒத்துப்போகிறது. பெயரை எழுதிவிடுகிறார். இதில் எங்கே தவறு என்று கேட்டால் நம்மில் பலருக்கு உடனே விடை வராது.

தவறு ஓட்டோடு நின்றுவிடுவதில்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிரெம்னோகாங்கஸைப் பாருங்கள். கடற்கரைப் பாறைகளில் வாழும் குடும்பத்தைச் சேர்ந்த நத்தை, மலையோடைகளில் ஏறி வாழ்கிறது. பிளான்ஃபோர்டு 1869இல் பேரினத்தை நிறுவினார். 2013இல் ரீட், அரவிந்த், மத்யஸ்தா மூவரும் கர்நாடக மலைகளிலிருந்து புதிய சிற்றினங்களைச் சேர்த்தபோது ஓட்டோடு நிற்கவில்லை. ராடுலா எனும் பல்நாக்கையும் இனப்பெருக்க உறுப்புகளையும் பார்த்தார்கள். அவர்களுடைய பெயர்கள் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நம் சமவெளியில் அந்தப் பொறுமை இல்லை. மெலனாய்டஸ் டியூபர்குலேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் கூம்பிய ஓடு, சுருள்வாக்கில் நுண்ணிய கோடுகள், செம்பழுப்புத் தீற்றல்கள். உப்பேறிய நீரையும் தாங்கும். பெரும்பாலும் ஆணின்றியே பெருகும். அதனால் ஒரு தாயின் வழி வந்தவை அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். அடுத்த குளத்தின் வழியோ வேறு தோற்றம் காட்டும். இந்தத் தோற்றங்களுக்கெல்லாம் பெயர் வைத்து வைத்தே ஒத்தபெயர்ப் பட்டியல் பக்கக்கணக்கில் நீண்டது.

வயதான ஓட்டில் உச்சி அரித்துப்போயிருக்கும். அடையாளம் காண நமக்கு வேண்டிய முதல் சுற்றுகள் அங்கேதான் இருந்திருக்கும். உச்சி இல்லாத ஓட்டை அளந்து 'சுற்றுகள் ஐந்து' என்று எழுதிய கட்டுரைகளை இந்த அவையே வாசித்திருக்கிறது. அதற்கு மருந்து நத்தையின் கழுத்திலேயே இருக்கிறது. பிடரிப் பக்கத்துப் பையில் குஞ்சுகளைச் சுமக்கும் நத்தை இது. பையைத் திறந்தால் தாய் இழந்த முதல் சுற்றுகள் குஞ்சின் ஓட்டில் முழுசாகக் கிடைக்கும். ஒரு ஊசியும் உருப்பெருக்கியும் இருந்தால் ஆகிற காரியம். செய்கிறவர்கள் குறைவு.

இனி ஒரு பழைய வழக்கு. இந்தச் சிற்றினத்தை 1774இல் விவரித்த ஓ. எஃப். முல்லர் அது கிடைத்த இடமாகக் கோரமண்டல் கரை என்று மட்டும் எழுதினார், ஊர்ப்பெயர் தரவில்லை. முல்லர் டென்மார்க்காரர், தரங்கம்பாடி அப்போது டேனிஷ் வசம், ஆகவே மூல இடம் தரங்கம்பாடிதான் என்று என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் பல கருத்தரங்குகளில் வாதிட்டு வருகிறார். இன்றும் வாதிடுவார். ஊகம் நல்ல ஊகம்தான். ஆனால் ஊகத்தைச் சான்றாக அச்சேற்றக் கூடாது. கரை என்று எழுதியவர் கரையைத்தான் தந்திருக்கிறார். அந்தக் கரையில் பழவேற்காடும் உண்டு, எண்ணூரும் உண்டு, அடையாறும் உண்டு. வழிக்கு வழி தோற்றம் மாறும் நத்தைக்கு எந்த முகத்துவாரத்து ஓட்டை அளவுகோலாக வைக்கிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல.

எண்ணூர் என்றதும் பிரஸ்டன் நினைவுக்கு வருகிறார். எச். பி. பிரஸ்டன், லண்டன் ஓட்டு வணிகர். பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் நன்னீர் மெல்லுடலிகள் தொகுதியை 1915இல் எழுதியவர். அடுத்த ஆண்டே இந்திய அருங்காட்சியகப் பதிவேடுகளில் கொச்சி, எண்ணூர் உப்பங்கழிகளின் மெல்லுடலிகள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பிலேயே இந்த ஊர் இருக்கிறது. இங்கிருந்து வரும் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் அதை நான் தேடித் தேடிப் பார்க்கிறேன், அகப்படுவதில்லை.

பிரஸ்டன் ஓட்டை மட்டும் பார்த்தவர் என்பது உண்மை. விலங்கியலாளர் அன்னண்டேல் 1920இல் பேரினங்களைத் திருத்தி அமைத்தபோது வாய்மூடியும் ராடுலாவும் முன்னுக்கு வந்தன. முறையில் அன்னண்டேல் சரி. அதனால் பிரஸ்டனைப் படிக்கவே வேண்டாம் என்று நாம் முடிவு செய்ததுதான் சரியில்லை. இன்று சுப்பா ராவின் 1989 கையேடு ஒன்றே மேசையில் இருக்கிறது. அந்தக் கையேட்டை மதிக்கிறேன். கையேட்டோடு படிப்பை நிறுத்திக்கொள்கிறவர்களிடம்தான் என் சண்டை.

இன்னொரு பக்கத்தில் இளைய நண்பர்கள், ஓட்டின் காலம் முடிந்தது, மரபணு வரிசை போதும் என்கிறார்கள். பழைய பெயர்கள் பலவும் காய்ந்த ஓடுகளில்தானே கட்டப்பட்டிருக்கின்றன? உங்கள் வரிசை எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்ல அந்த ஓட்டிடம்தான் திரும்ப வேண்டும். தவறான பெயரில் தரவுத்தளத்தில் ஏறிய வரிசை ஆயிரம் எழுத்து நீளமானாலும் தவறுதான். சாம்பல் மூடிய கழியில் நாளை உயிருள்ள நத்தை கிடைக்காமல் போனால் சேற்றுக்குள் மிச்சமிருப்பதும் ஓடுதான்.

ஆகவே என் கோரிக்கை. இக்கரையிலிருந்து புதிய நத்தையை விவரிப்பவர் ஓர் ஓட்டோடு வர வேண்டாம். குஞ்சு முதல் கிழடு வரை ஒரு வரிசை வேண்டும். வாய்மூடி வேண்டும், கழுத்துப் பைக் குஞ்சுகள் வேண்டும். ஆறு, ஊர், தேதி, நீரின் உப்பு எழுதிய சீட்டு வேண்டும். இவை எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற பொதுச் சேகரிப்பில் சேர வேண்டும், பேராசிரியரின் அலமாரியில் அல்ல. பழவேற்காடு முதல் தரங்கம்பாடி வரை ஒவ்வொரு முகத்துவாரத்திலும் முல்லரின் நத்தையை ஒரே முறையில் சேகரிக்கும் பணியையும் நாமே தொடங்க வேண்டும். நிறைவு நாளில் இதைத் தீர்மானமாக முன்வைப்பேன். எதிர்க்க விரும்புகிறவர்கள் தாராளமாக எதிர்க்கலாம். அதற்குமுன் பிரஸ்டனின் எண்ணூர்க் கட்டுரையை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம்.