கடல் காத்த மரம், மண் காத்த இரும்பு



வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. வீசுகோல் பட்டதும் மணிகள் குலுங்குமே, அந்தப் பெரிய வில்தான் இன்று நாம் நேரில் காணும் வில். சண்டைக்குப் போன வில்லைப் பார்க்க வேண்டுமானால் நடுகல்லில் தேட வேண்டும், இல்லையென்றால் கோயில் தூணில் நிற்கும் ராமன் கையில் தேட வேண்டும். மூங்கிலோ மரமோ, நம் மண்ணில் புதைந்தால் கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகிவிடும்.

ஆனால் நிசமான போர்வில்கள், 172 வில்கள், ஒரே கப்பலிலிருந்து கிடைத்திருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கப்பலின் பெயர் மேரி ரோஸ். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல். 1545 ஜூலை 19 அன்று, பிரெஞ்சுக் கப்பற்படையை எதிர்க்கப் புறப்பட்டபோது, போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு எதிரே கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே சாய்ந்து மூழ்கியது. கப்பலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 500 பேர். உயிர் தப்பியவர்கள் 35 பேர்கூட இல்லை. 1836இல் டீன் சகோதரர்கள் என்ற முக்குளிப்பாளர்கள் இடத்தைக் கண்டுபிடித்துச் சில பொருள்களை எடுத்தார்கள். பிறகு அந்த இடமே மறந்துபோனது. 1971இல் மறுபடி கண்டறிந்து, மார்கரெட் ரூல் என்ற தொல்லியலாளரின் தலைமையில் பல ஆண்டுகள் அகழ்ந்து, 1982 அக்டோபர் 11 அன்று கப்பலின் உடலை மேலே தூக்கினார்கள்.

437 ஆண்டுகள் கடலடியில் கிடந்த மரம் எப்படித் தப்பியது? கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்ததும், சாய்ந்த பக்கத்தை வண்டல் சீக்கிரமே மூடிவிட்டது. வண்டலுக்குள் காற்று இல்லை. காற்றில்லாத இடத்தில் மரத்தைத் துளைக்கும் கடற்புழு வாழாது, அழுக வைக்கும் கிருமிகளுக்கும் அங்கே வேலை அதிகம் ஓடாது. மூடப்படாத பாதிக் கப்பலை அந்தப் புழுக்களே தின்று தீர்த்துவிட்டன. நம் பூம்புகார்க் கடலில் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்ட பழைய கப்பல் சிதைவில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்த ஈயக்கட்டிகள் கிடைத்தன. அந்த ஈயத்தைச் சுமந்து வந்த கப்பலின் மரமோ பெரும்பாலும் போய்விட்டது. வெதுவெதுப்பான கடலில் புழுவுக்கு என்றும் விருந்துதான்.

சரி, வில்லுக்கு வருவோம். சராசரி நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைவு, அதாவது ஓர் ஆளைவிட உயரம். எல்லாம் யூ என்ற மரம். மரத்தின் உள்ளே இருப்பதை வைரம் என்றும் வெளியே இருப்பதை வெள்ளை என்றும் நம் ஆசாரிமார் பிரிப்பார்கள். வெள்ளை ஆகாது என்று செதுக்கித் தள்ளுவதுதான் வழக்கம். வில் செய்தவன் அதைத் தள்ளவில்லை. ஒரே கட்டையில் வெள்ளை எதிரியைப் பார்க்கும் பக்கமும், வைரம் வீரனைப் பார்க்கும் பக்கமுமாக வரும்படி செதுக்கினான். வில் வளையும்போது வெள்ளை இழுபடத் தாங்கும், வைரம் அமுங்கத் தாங்கும். இந்த அறிவு எனக்குப் பீரங்கியைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

அந்த வில்லை வளைக்க எவ்வளவு வலு வேண்டும்? ஊறிப்போன பழைய மரம் தன் வலுவை இழந்துவிட்டதால் அதை நேரடியாக நம்ப முடியாது. எனவே அதே அளவில் புது வில்கள் செய்து பார்த்தார்கள், கணக்குப் போட்டும் பார்த்தார்கள். விடை 100 முதல் 185 பவுண்டு வரை வந்தது. அதாவது 45 கிலோவிலிருந்து 84 கிலோ. மேல் அளவுக்கு ஒரு நெல்மூட்டையை மூன்று விரலால் காதுவரை இழுக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆய்வில் முன்நின்றவர்களில் ஒருவர் ராபர்ட் ஹார்டி, தொழிலால் நடிகர். ஹாரி பாட்டர் படங்களில் மந்திர அமைச்சராக வருவாரே, அவர்தான்!

அம்புகள் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல். பெரும்பாலும் பாப்ளர் மரம். தோலால் செய்த வட்டுகளும் கிடைத்தன. ஒரு வட்டுக்கு 24 துளைகள். துளைக்கு ஓர் அம்பு வீதம் செருகினால் இறகு ஒன்றோடொன்று உரசிக் கசங்காது. 24 அம்பு ஒரு கட்டு என்பது அன்றைய அரசுக் கணக்கு. அந்தக் கப்பலுக்கு 250 வில்லும் 400 கட்டு அம்பும் என்று சரக்குப் பட்டியலே இருக்கிறது. இறகுகள் அநேகமாக மறைந்துவிட்டன. ஆனால் இறகை ஒட்டிய பசை, செம்பு கலந்ததால் பச்சை நிறமாக, அம்பின் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறகைச் சுற்றிய நூலின் தடம்கூட அதில் பதிந்திருக்கிறது.

வீரர்களின் எலும்புகளும் கிடைத்தன. தோள்பட்டை எலும்பின் நுனி இளம்வயதில் தனித் துண்டாக இருந்து, பிறகு ஒட்டிக்கொள்ளும். கப்பலில் கிடைத்தவர்களில் வழக்கத்தைவிட அதிகம் பேருக்கு அது ஒட்டவே இல்லை. ஏழு வயதுப் பையனுக்குத் தகப்பன் வில் வாங்கித் தர வேண்டும் என்று சட்டமே போட்ட நாடு அது. சிறுவயது முதல் வில் இழுத்ததால் வந்த வினை என்று எலும்பை ஆராய்ந்த ஆன் ஸ்டர்லண்ட் சொன்னார். துடுப்பும் கயிறும் இழுத்தவனுக்கும் தோள் இப்படி ஆகியிருக்கலாமே என்று நான் கேட்பேன். ஆனாலும் அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது.

இத்தனை மிஞ்சியும் அம்பின் இரும்பு முனை மிஞ்சவில்லை. உப்புநீர் அதை அரித்துத் தின்றுவிட்டது.

இப்போது நம் தாமிரபரணிக் கரைக்கு வாருங்கள். ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது முதுமக்கள் தாழிகளோடு வாள், ஈட்டி, அம்புமுனை என்று இரும்பு ஏராளமாகக் கிடைத்தது. இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 2023இல் ஆதிச்சநல்லூரிலேயே அகழ்ந்த குழிகளை அப்படியே காட்டும் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் பழைய முனைகள் நம்மிடம் இருக்கின்றன, தண்டும் வில்லும் இல்லை. அவர்களிடம் தண்டும் வில்லும் இருக்கின்றன, முனை இல்லை.

வாசுதேவநல்லூரில் பாளையக்காரரான பூலித்தேவரின் மண்கோட்டையை 1767இல் ஆங்கிலேயப் பீரங்கிகள் தாக்கின. பாளையக்காரர் படையில் ஈட்டியும் துப்பாக்கியும் சேர்ந்தே நின்றன. மேரி ரோஸிலும் பீரங்கியோடு வில்பெட்டியும் இருந்தது. ஓர் ஆயுதம் வந்த மறுநாளே பழையது போய்விடாது. ஆகவே இந்த வட்டாரத்து மண்ணில் பல காலத்து இரும்பு கலந்து கிடக்க வாய்ப்பு உண்டு.

அதனால் ஒரு விசயம். உழும்போதோ கிணறு தோண்டும்போதோ துருப்பிடித்த கூர்முனை ஏதும் கண்ணில் பட்டால், தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். இரும்பு துருப்பிடிக்கும்போது அந்தத் துரு, ஒட்டியிருந்த மரத்துக்குள் ஊறி மரத்தின் ரேகையை அப்படியே அச்செடுத்து வைத்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் அது என்ன மரம் என்றுகூடச் சொல்லிவிடலாம். தேய்த்துப் பளபளப்பாக்கினால் போவது அழுக்கல்ல, தண்டு. கிடந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ சிவகிரி வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் புதையல் கண்டவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.