எச்சரிக்கை மட்டும் நிழல் தராது
(தோட்டத் தலைவர்கள், தலைவிகளுக்கான தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வீடு, காணி என்று நாங்கள் எப்போதும் பேசுகிறோம். இன்று வெயிலைப் பற்றிப் பேசப்போகிறேன். "காலங்காலமாக வெயிலில் நின்றவர்கள்தானே, இதில் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். அந்த நினைப்பு உயிரை எடுக்கக்கூடியது. கூலிக்காக வெயிலில் நிற்கும் இன்னொரு நாட்டுத் தொழிலாளர்கள் அதை எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் தெற்கே கோச்செல்லா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அது பாலைவனம். அதன் ஒரு பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து திராட்சையும் பேரீச்சையும் காய்கறிகளும் பயிரிடுகிறார்கள். பறிப்பவர்களில் பெரும்பாலானோர் மெக்சிகோவில் இருந்து வந்த குடும்பங்கள். பள்ளத்தாக்கின் மேற்கே 3,300 மீற்றர் உயரமான சான் ஹசின்டோ மலை நிற்கிறது. அந்த மலையில் ஐடில்வைல்ட் என்ற சிற்றூர் ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் அட்டனை விட உயரம், நுவரெலியாவை விடக் கொஞ்சம் பதிவு.

கோடை வந்ததும் அங்குள்ள தேசிய வானிலைச் சேவை வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கும். மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் ஒரே அளவுகோல் வைப்பதில்லை. பள்ளத்தாக்கில் உள்ள பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் 2024 ஜூலை 5ஆம் திகதி வெப்பநிலை 51 பாகை செல்சியஸ். அங்கே 40 பாகை என்பது சாதாரணக் கோடை நாள். மலையில் அப்படியல்ல. குளிருக்குப் பழகிய மலைச்சனத்துக்கு 33, 34 பாகையே தாங்க முடியாத வெயில்.

காரணம் லேசானது. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று இரண்டு கிழமை வேண்டும். வியர்வை சீராக வர, இரத்த ஓட்டம் அதற்கேற்ப மாற, அவ்வளவு நாள் பிடிக்கும். நேற்றுவரை குளிராக இருந்து இன்று திடீரென்று ஏறும் வெயில்தான் ஆளைச் சாய்க்கும். கலிபோர்னியாவின் வேலைத்தள விதியிலும் இது எழுதப்பட்டிருக்கிறது. அன்றைய உச்ச வெப்பம் சுமார் 27 பாகையையாவது எட்டும், அதோடு முந்தைய 5 நாட்களின் சராசரி உச்சத்தை விட ஏறத்தாழ ஐந்தரைப் பாகை கூடும் என்று முன்னறிவிப்பு வந்தால், அந்த நாள் அவர்களுக்கு வெப்ப அலை நாள். அன்று மேற்பார்வையாளர் ஒவ்வொரு தொழிலாளியையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவரை முதல் 14 நாளும் கவனிக்க வேண்டும்.

27 பாகை என்பதைக் கவனியுங்கள் தோழர்களே. பாலைவனக் கணக்கில் அது வெயிலே இல்லை. ஆனாலும் உடம்புக்குப் பழக்கமில்லாத ஏற்றம் என்றால் ஆபத்து என்று விதி ஏற்றுக்கொள்கிறது. மலையில் இருக்கிற எங்களுக்கு வெயில் அடிக்காது என்ற பேச்சுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

இந்த விதி யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. 2005 கோடையில் வயல்களில் தொழிலாளர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஐக்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கம் குரல் கொடுத்தது. அந்த ஆண்டே அவசர விதி வந்தது. தண்ணீர் கொடு, நிழல் கொடு, ஓய்வு கொடு என்று அந்த விதி சொன்னது.

ஆனால் விதி வந்து மூன்று ஆண்டு போன பிறகு, 2008 மே மாதத்தில், ஸ்டொக்டன் நகருக்கு அருகே ஒரு திராட்சைத் தோட்டத்தில் 17 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்தாள். 35 பாகை வெயிலில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்திருந்தாள். இரண்டு மாதக் கர்ப்பிணி. தண்ணீர் இருந்த இடம் பத்து நிமிட நடைத் தூரத்தில். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவில்லை. சேர்த்தபோது உடல் வெப்பம் 42 பாகைக்கு மேல். இரண்டு நாளில் இறந்துபோனாள். விதி புத்தகத்தில் இருந்தது, அந்தத் தோட்டத்தில் இல்லை.

சங்கம் அதோடு விடவில்லை. விதியை நடைமுறைப்படுத்தத் தவறியதற்காக 2009இலும் 2012இலும் மாநில அரசின் தொழிற் பாதுகாப்புப் பிரிவுக்கு எதிராகவே தொழிலாளர்களும் சங்கமும் வழக்குப் போட்டார்கள். 2015இல் இணக்கம் ஏற்பட்டது. அதே ஆண்டு விதியும் இறுக்கமானது.

இன்று அது சொல்வது இதுதான். ஆளுக்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் குளிர்ந்த குடிதண்ணீர் இலவசமாக, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 27 பாகைக்கு மேல் போனால் நிழல் தயாராக இருக்க வேண்டும். ஓய்வெடுப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டாமல் உட்காரக்கூடிய நிழலாக அது இருக்க வேண்டும். உடம்பு முடியவில்லை என்று தோன்றினால், குறைந்தது 5 நிமிடம் நிழலில் இருக்கலாம். வயல்களில் 35 பாகை வந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 10 நிமிட ஓய்வு கட்டாயம்.

இதில் இன்னொரு முக்கியமான விஷயம் கூலி. அங்கே திராட்சை பறிப்பவர்களுக்குப் பெட்டிக் கணக்கு உண்டு, எங்களுக்குக் கிலோக் கணக்கு இருப்பது போல. நிழலில் உட்கார்ந்தால் பெட்டி குறையும், கூலி குறையும். அப்படி இருக்கும்போது யார் உட்காருவார்? அதனால் 2016 முதல், துண்டுக் கணக்கில் வேலை செய்பவருக்கும் ஓய்வு நேரத்துக்குத் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும் என்று சட்டம் ஆக்கினார்கள். கூலியில்லாத ஓய்வை ஏழை எடுக்க மாட்டான். கிலோ குறைந்தால் அரைப்பேர் விழும் என்று பயப்படுகிற எங்கள் தாய்மார்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி எங்கள் பக்கம் வருவோம். எங்கள் வளிமண்டலவியல் திணைக்களமும் கடும் வெப்பம் பற்றி முன்கூட்டியே அறிவித்தல் விடுக்கிறது. அது வானொலியில் வருகிறது, கைத்தொலைபேசியில் வருகிறது. காலைப் பிரட்டில் அதை யார் சொல்கிறார்கள்? அன்று மலைக்குத் தண்ணீர் போகிறதா? கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிழல் இருக்கிறதா? கர்ப்பிணித் தாய்மாருக்கு உச்சி வெயிலில் என்ன வேலை கொடுக்கிறார்கள்? அன்று கிலோ குறைந்தால் பேர் முழுதாக விழுமா? இந்த ஐந்து கேள்வியையும் உங்கள் தோட்டக் கமிட்டியில் எழுத்தில் எடுங்கள். தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதமாகக் கொடுங்கள். பிரதி ஒன்றைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

நிர்வாகம் பதில் தரும்வரை நாங்களே செய்யக்கூடியவையும் உண்டு. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். தனியாக ஒரு தொங்கலில் நிற்காமல் இருவர் இருவராக நில்லுங்கள். பக்கத்து நிரையில் நிற்பவருக்குத் தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். பேச்சுத் தடுமாறினால், ஆள் குழம்பினால், மயங்கினால், அது களைப்பல்ல, உயிராபத்து. படங்கைக் கழற்றி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியைக் கூப்பிடுங்கள். கங்காணி வரட்டும், துரை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எச்சரிக்கை விடுப்பது வானிலைத் திணைக்களத்தின் வேலை. அந்த எச்சரிக்கையைத் தண்ணீராகவும் நிழலாகவும் கூலியோடு கூடிய ஓய்வாகவும் மாற்றுவது சங்கத்தின் வேலை. கலிபோர்னியாத் தோழர்களுக்கு அதற்கு ஒரு சட்டம் போதவில்லை, பத்து ஆண்டுப் போராட்டமும் தேவைப்பட்டது. நாங்கள் ஒரு சாவு விழும்வரை காத்திருந்து தொடங்க வேண்டியதில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தொடங்குவோம்.