கட்டற்ற மென்பொருளும் வியாபாரிகளும்
(கொல்லிமலை செம்மேட்டில் செய்த சொற்பொழிவு)



எழுபது வளைவு ஏறிவந்து நாம் இன்று பேசப்போவது சாமியைப் பற்றியல்ல, கணினியைப் பற்றி. ஆனால் அதிலும் பக்தர்கள் உண்டு. நாமும் அவர்களில் ஒருவராயிருந்தோம்.

சென்ற ஆண்டு இங்கே மிளகு வியாபாரம் செய்யும் ஒரு தோழரிடம், "உங்கள் மென்பொருள் உங்களை அடிமையாக்குகிறது, லினக்ஸுக்கு மாறுங்கள்" என்று ஒரு மணி நேரம் பிரசாரம் செய்தோம். பாவம், மாறினார். மறுவாரமே பில் போடும் மென்பொருள் அதில் ஓடவில்லை. வரிக்கணக்குக் கொடுக்கும் நாளோ நெருங்கிவிட்டது. "ஏனுங்க ஐயா, இதைச் சரிசெய்ய ஆள் யார்?" என்றார். நமக்குத் தெரிந்ததெல்லாம் சுதந்திரத்தைப் பற்றி இன்னொரு மணி நேரம் பேசுவதுதான். அவர் பழையதற்கே திரும்பினார். பக்கத்துக் கடைக்காரர்களும் "அது கட்சிக்காரர் கணினி" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். குற்றம் நம்முடையதே.

அதற்காகக் கொள்கை வீண் என்று சொல்லிவிட முடியுமா? 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு வேலையை அறிவித்தது லாபத்துக்காக அல்ல. மென்பொருளைப் படிக்கவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் யாவருக்கும் உரிமை வேண்டும் என்றார். மாற்றி விநியோகிப்பவன் மூலத்தையும் கொடுத்தாக வேண்டுமென்று உரிமப் பத்திரமும் எழுதினார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் மறு ஆண்டே அந்தப் பத்திரத்தின் கீழ் வந்தது. அந்தப் பிடிவாதம் இல்லையேல் வியாபாரி எடுத்துக்கொள்ள இன்று பண்டமே இராது. (அவர் பழைய கணினித் தட்டொன்றை ஒளிவட்டமாகத் தலையில் வைத்துப் புனிதர் வேடம் போடுவதுண்டு. அவருக்கு அது கேலி. சீடர்களில் சிலருக்கு அப்படியல்ல!)

1998-இல் வேறு சிலர், 'பிரீ' என்றால் வியாபாரிகள் மிரள்கிறார்கள், இலவசம் என்றும் எண்ணுகிறார்கள் என்பதாகச் சொல்லி, 'திறந்த மூலம்' என்று பெயர் வைத்தார்கள். தர்மத்தை விட்டு, உறுதியையும் செலவையும் பேசினார்கள். 2001-ஆம் ஆண்டில் லினக்ஸுக்காக 100 கோடி டாலர் செலவிடுவதாக ஐ.பி.எம். அறிவித்தது. அதே ஆண்டில் லினக்ஸைப் புற்றுநோய் என்றார் மைக்ரோசாஃப்ட் தலைவர் பால்மர். 2016-இல் அந்தக் கம்பெனியே லினக்ஸ் அறக்கட்டளையில் சேர்ந்தது!

ஆனால் செலவை மட்டும் பேசினால் வேறொரு சங்கடம் உண்டு. இன்னொருவன் அதைவிடக் குறைத்துக் கொடுத்தால் அங்கே போய்விடுவான். கணக்கைப் பூட்டி வைக்கிறானா என்று கேட்கமாட்டான்.

ஆகவே இம்முறை அதே கடைக்கு நாமக்கல்லிலிருந்து பழுதுபார்க்கத் தெரிந்த ஒரு பையனை அழைத்துப் போனோம். விண்டோஸை எடுக்கச் சொல்லவில்லை. அதிலேயே ஓடும் லிப்ரே ஆபீஸை மட்டும் போட்டுக் கொடுத்தோம். பிறகு, "உங்கள் பத்தாண்டுக் கணக்கை இந்தப் பில் மென்பொருளிலிருந்து வெளியே எடுத்துக் காட்டுங்கள்" என்றோம். அவர் எவ்வளவோ தட்டிப் பார்த்தார், வரவில்லை. "ஏனுங்க, இது என் கணக்குத்தானுங்களே?" என்று அவரே கேட்டார்.