வீடு வாங்குகிறோமா, ஊர் வாங்குகிறோமா?

(பழைய மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "பாங்கில் வீட்டுக்கடன் பிரிவில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டினவன் நீ. புறநகரில் பெரிசு பெரிசா டவுன்ஷிப் வருதே, அங்கே வீடு வாங்கலாமா என்று கொஞ்ச நேரம் பேசு" என்றார். வாங்கலாம், ஆனால் சில கேள்விகள் கேட்டுவிட்டு வாங்கலாம். இதுதான் என் பேச்சின் சுருக்கம். சாப்பாட்டுக்கு அவசரமாகப் போகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்! (சிரிப்பு)

இந்த அரங்கில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கிறேன். ஒரு வகை என் வயசுக்காரர்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று கையில் ஒரு தொகை வந்திருக்கும். பிள்ளைகள் எங்கோ தூரத்தில். "செக்யூரிட்டி இருக்கு, பூங்கா இருக்கு, கோயில்கூட உள்ளேயே இருக்கு" என்ற விளம்பரம் இவர்களுக்காகவே எழுதியது. இன்னொரு வகை, படிப்பு முடிந்து முதல் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகள். இருபது வருஷக் கடனில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள். முதல் வகைக்கு இது கடைசிச் சேமிப்பு. இரண்டாம் வகைக்கு இனிமேல் வரப்போகிற சம்பளம். இரண்டுமே விளையாட்டுக் காசு அல்ல.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்றார்கள் பெரியவர்கள். இன்று நம்மில் பலர் கட்டுவதில்லை, கட்டியதை வாங்குகிறோம். பல சமயம் கட்டப்போவதை வாங்குகிறோம். அதிலும் ஆயிரம், இரண்டாயிரம் வீடுகள் கொண்ட டவுன்ஷிப் என்றால் நாம் வாங்குவது வீடு மட்டுமல்ல. ஒரு ஊரில் ஒரு பங்கு.

சென்னை அண்ணா நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடம். அந்த டவர் அப்போது கட்டியதுதான். பிறகு வீட்டு வசதி வாரியம் அகலமான சாலை, பூங்கா, பள்ளிக்கூடம் என்று திட்டமிட்டு மனை போட்டது. அதுவும் திட்டமிட்ட புறநகர்தான். ஆனால் அங்கே தெருவிளக்கு எரியவில்லையென்றால் மாநகராட்சியைக் கேட்கலாம். தனியார் டவுன்ஷிப்பில் வாசல் கேட்டுக்கு உள்ளே இருக்கிற சாலை, விளக்கு, சாக்கடை, தண்ணீர் எல்லாம் பெரும்பாலும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை. முதலில் பில்டர் பார்ப்பார். அவர் போன பிறகு நம் அசோசியேஷன் பார்க்கும். அதாவது, நகராட்சி வேலையை நாமே காசு போட்டு நடத்துகிறோம். சொத்து வரியும் தனியாகக் கட்டுகிறோம். இதைப் புரிந்துகொண்டால் கேட்க வேண்டிய கேள்விகள் தானாகவே வரும்.

முதலில் கணக்கு. 75 லட்சம் ரூபாய் ஃபிளாட், கைக்காசு 15 லட்சம், கடன் 60 லட்சம் என்று வையுங்கள். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம். வட்டி மட்டும் 65 லட்சம். வாங்கின கடனைவிட அதிகம்! பத்திரச் செலவு இதில் இல்லை. அதைக் கையிலிருந்துதான் போட வேண்டும். கட்டி முடியாத வீட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, 75 லட்சத்துக்கு அதுவே மூன்றே முக்கால் லட்சம். பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு அந்த வரி கிடையாது.

அப்புறம் மெயின்டனன்ஸ். சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் 1,200 சதுர அடிக்கு மாதம் 4,800. ஒரு பைசா ஏறாவிட்டாலும் இருபது வருஷத்தில் பதினொன்றரை லட்சம். நீச்சல் குளம் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் நீந்தினாலும் நீந்தாவிட்டாலும் அதற்கு மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பென்ஷனில் வாழப்போகிறவர்கள் தவணையைப் பார்ப்பதைவிட இந்த எண்ணைக் கவனமாகப் பாருங்கள். தவணை ஒருநாள் முடியும். மெயின்டனன்ஸ் முடியாது.

இரண்டாவது, நிலம். கட்டடத்துக்கு வயசாகும், நிலத்துக்கு வயசாகாது. அதனால் ஃபிளாட் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது யூ.டி.எஸ். என்கிற பிரிபடாத மனைப் பங்கு. ஒரே விலை, ஒரே அளவு உள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு 550 சதுர அடி பங்கும் மற்றொன்றுக்கு 300 சதுர அடி பங்கும் இருக்கலாம். மாடி உயர உயரப் பங்கு சுருங்கும். முப்பது நாற்பது வருஷம் கழித்து இடித்துக் கட்டும் நாள் வரும்போது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். தமிழ்நாட்டின் 2022 அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். ஆகவே இது கற்பனை இல்லை, வரப்போகிற விஷயம்.

மூன்றாவது, 'பேஸ்'. பெரிய டவுன்ஷிப் ஒரே மூச்சில் எழும்புவதில்லை. பேஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை நாம் 'ரெரா' என்கிறோம். அந்த 2016-ஆம் வருஷச் சட்டப்படி ஒவ்வொரு பேஸும் தனித் திட்டமாகப் பதிவாகிறது. நீங்கள் பேஸ் ஒன்றில் வீடு வாங்கியிருப்பீர்கள். விளம்பரப் படத்தில் பார்த்த கிளப் ஹவுஸ் பேஸ் மூன்றில் இருக்கும். பேஸ் மூன்று எப்போது வரும்? உங்கள் ஒப்பந்தத்தில் அதற்குத் தேதி இருக்காது. ஆகவே, "எனக்குக் காட்டிய வசதிகளில் எது எது என் பேஸில் பதிவாகியிருக்கிறது?" என்று கேளுங்கள். ரெரா இணையதளத்தில் திட்ட எண்ணைப் போட்டால் பதிவு விவரங்களையும் முடிக்க வேண்டிய தேதியையும் பார்க்கலாம்.

வரைபடத்தில் பச்சை நிறத்தில் காட்டிய இடம் பச்சையாகவே இருக்குமா? நொய்டாவில் எமரால்டு கோர்ட் குடியிருப்பில் நடந்ததைக் கேளுங்கள். பசுமைப் பகுதி என்று முதலில் காட்டிய இடத்தில், பிறகு வரைபடத்தை மாற்றி, ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்துக்கு இரண்டு கோபுரங்களை எழுப்பினார்கள். அங்கே குடியிருந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். 2014-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 ஆகஸ்ட் 28 அன்று இரண்டும் சில நொடிகளில் தரைமட்டம். டி.வி.யில் எல்லோரும் வெடித்த புகையைப் பார்த்தோம். அதன் பின்னால் வக்கீலுக்குக் காசு வசூலித்து, வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்த சாதாரணக் குடும்பங்களை நான் நினைத்துப் பார்க்கிறேன். இன்று ரெரா சட்டப்படி, ஒப்புதல் வாங்கிய அமைப்பையும் பொது இடங்களையும் மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாங்கியவர்களின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கக்கூடாது. "அந்த சம்மதத்தை இப்போதே தந்துவிடுகிறேன்" என்பதுபோல ஒரு வரி ஒப்பந்தத்தின் நடுவில் ஒளிந்திருக்கிறதா என்று உங்கள் வக்கீலைத் தேடச் சொல்லுங்கள். பில்டர் சிபாரிசு செய்யும் வக்கீல் வேண்டாம். பாங்க் கடன் கொடுக்கிறதே, எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்றும் இருந்துவிடாதீர்கள். பாங்க் தன் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கும். உங்கள் பூங்காவைப் பார்க்காது.

நான்காவது, தண்ணீர். ஆயிரம் வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். இது நகரங்களுக்கான குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. பெருக்கிப் பாருங்கள்: 5 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டு வந்தால் நாளைக்கு 45 லாரி! 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது எத்தனையோ குடியிருப்புகள் இந்தக் கணக்கைக் கண்ணீரோடு போட்டன. நாலு வருஷம் முன்னால், 2015 டிசம்பரில், தண்ணீர் அதிகமாகி முடிச்சூர் பக்கமெல்லாம் படகு ஓடியது. ஆகவே இரண்டு கேள்வி. கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும்? மழையில் தண்ணீர் எங்கே போகும்? 'போர் இருக்கு சார்' என்பது பதில் இல்லை. எத்தனை போர், எவ்வளவு ஆழம், மே மாதத்தில் எத்தனை லாரி வாங்கினார்கள் என்று கேளுங்கள். பழைய வருவாய்த்துறை வரைபடத்தில் அந்த சர்வே எண் ஏரியா, ஓடையா, வாய்க்கால் புறம்போக்கா என்று பாருங்கள்.

இதையெல்லாம் யாரைக் கேட்பது? விற்பனை அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் காபி கொடுக்கிற பையனைக் கேட்காதீர்கள்; பாவம், அவனுக்கு டார்கெட். பேஸ் ஒன்றில் ஏற்கெனவே குடியிருக்கிற ஒரு மாமியைக் கேளுங்கள். சாயங்காலம் நடைப்பயிற்சி போகிற நேரத்தில் போய், "தண்ணீர் எப்படிம்மா? லிப்ட் நின்னா எவ்வளவு நேரத்தில் வருவாங்க? ராத்திரி நெஞ்சு வலின்னா எந்த ஆஸ்பத்திரி?" என்று கேளுங்கள். அடைமழை மறுநாள் ஒருமுறை போய் வாருங்கள். அசோசியேஷன் பதிவாகியிருக்கிறதா, கார்ப்பஸ் பணம் பில்டர் கையிலிருந்து அதன் கணக்குக்கு வந்துவிட்டதா, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, பொது இடங்கள் அதன் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டனவா? இந்த நாலுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால் அது நடக்கிற ஊர்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. "இன்னும் வீடு வாங்கலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வாடகை வீட்டில் இருப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. வேலை எந்த ஊரில் நிலைக்கும் என்று தெரிகிற வரை பொறுங்கள்.

என் வயசு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்கிவிட்டீர்களா, சந்தோஷம். ஆனால் அசோசியேஷன் பொதுக்கூட்டத்துக்கு ஒழுங்காகப் போங்கள். நாற்பது வருஷம் ஆபீஸில் பைல் பார்த்த அனுபவம் வீணாக வேண்டாம். வரவு செலவைக் கேளுங்கள், முடிந்தால் பொருளாளர் ஆகுங்கள். நொய்டாவில் ஜெயித்தது பெரிய மனிதர்கள் இல்லை. கூட்டத்துக்கு விடாமல் வந்தவர்கள். டவுன்ஷிப்பை பில்டர் கட்டித் தரலாம். அதை ஊர் ஆக்குவது அங்கே குடியிருக்கிறவர்கள்தான்.

 பத்திரங்களைக் கையில் கொண்டு வந்திருப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.