முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்



பாதியில் நிற்கும் வீடுகளை நம் ஊர்களில் பார்க்கிறோம். தூண்களின் மேல் துருப்பிடித்த கம்பிகள், கதவில்லாத வாசல், கண்ணேறு படாதிருக்கக் கட்டிய வைக்கோல் பொம்மை. கட்டத் தொடங்கிய குடும்பமோ வாடகை வீட்டிலிருந்து வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டுகிறது.

கோபுரம் கட்ட விரும்புகிறவர், அதை முடிக்கத் தம்மிடம் வசதி உண்டா என்று முதலில் உட்கார்ந்து கணக்கிட வேண்டும் என்கிறார் ஆண்டவர் (லூக்கா 14:28-30). நாசரேத்தில் தச்சராக உழைத்தவர் அவர். மரத்தின் விலையும் உழைப்பின் கூலியும் அறிந்தவர்.

நாம் எங்கே தவறுகிறோம்? மேல்தளம் கான்கிரீட் போட்டதும் வீடு முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். பூச்சு, தரை, கதவு, ஜன்னல், மின்சாரம், குழாய், கழிவறை, வண்ணம் எல்லாம் அதன்பிறகே வருகின்றன. கையில் பணம் தீர்வதும் அங்கேதான். ஆகவே கடைக்கால் முதல் தளமட்டம் வரை, சுவர் முதல் கூரை வரை, பூச்சு முதல் குடிபுகுதல் வரை என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொகை எழுதுவோம். விலையேற்றத்துக்கும் மழைக்கும் கொஞ்சம் ஒதுக்குவோம். வங்கியும் ஒவ்வொரு நிலையும் முடிந்ததைப் பார்த்தே கடனைத் தவணையாகத் தருகிறது. நம் பங்குத் தொகை முன்பே கையில் இருக்க வேண்டும்.

பணம் குறைவா? வீட்டைச் சுருக்குவோம். ஓர் அறை, அடுப்படி, கழிவறை போதும். அடுத்த வீட்டுக்காரரின் மாடியைப் பார்த்து, மனைவியின் நகையை அடகு வைக்க வேண்டாம். கணக்குப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது; இறைவன் தந்ததை மதிப்பதே அது.

அந்த உவமையில், முடிக்க முடியாதவரைப் பார்த்தவர்கள் ஏளனம் செய்தார்கள். நாம் அவர்களைப் போல் இருக்க வேண்டாம். நம் பங்கில் ஒரு வீடு நின்றுபோயிருந்தால், ஒரு கதவோ, பத்து மூட்டை சிமெண்டோ, ஒரு நாள் உழைப்போ தர நம்மால் முடியும்.

ஆண்டவர் இந்த உவமையைச் சொன்னது சீடராவதன் விலையை உணர்த்தவே. திருமுழுக்கிலும் திருமணத்திலும் நாம் கடைக்கால் போட்டோம். அடுத்து வரும் மன்னிப்புக்கும் பொறுமைக்கும் நம்மிடம் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது? இன்றிரவு குடும்பமாக உட்கார்ந்து, இந்த இரு கணக்குகளையும் இறைவன் முன் எழுதிப் பார்ப்போம்.

தொடங்கியதை முடிக்கும் வரத்தை அவர் நமக்குத் தருவாராக. ஆமென்.