காற்று ஆளும் தீவில் சம பங்கு

தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே டிரிஸ்டன் ட குன்ஹா என்றொரு தீவு இருக்கிறது. மனிதர் குடியிருக்கும் தீவுகளில் இதைப் போல் தனித்துக் கிடப்பது வேறில்லை என்பார்கள். மனிதர் வாழும் அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ள செயிண்ட் ஹெலினா தீவு உண்டு. அதுவே 2,400 கிலோமீட்டருக்கு அப்பால். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கப்பலேறினால் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். விமான நிலையம் கிடையாது. 2,062 மீட்டர் உயரமுள்ள ஓர் எரிமலை, அதன் அடிவாரத்தில் கொஞ்சம் சமநிலம், அங்கே ஒரே ஓர் ஊர். மக்கள்தொகை 200க்குச் சற்று அதிகம்.

அந்த ஊரை நடத்துவது காற்றுதான். துறைமுகம் மிகச் சிறியது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் சிறு படகில்தான் கரையேற வேண்டும். காற்று வலுத்தால் அதுவும் நடக்காது. ஒரு வாரம் பயணம் செய்து வந்தவர்கள், ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அங்கே நேரம் குறிக்கும் உரிமை மனிதனுக்கு இல்லை.

ஊரில் ஒரு பழைய எரிவாயு உருளை தொங்குகிறது. கடல் அடங்கிய நாளில் அதிகாலையிலேயே அதைத் தட்டி ஒலி எழுப்புவார்கள். 'டாங்' என்றே அதற்குப் பெயர். அந்தச் சத்தம் கேட்டால் அன்று மீன்பிடி நாள். மற்ற நாள்களில் அரசு வேலை பார்ப்பவர்களில் பலரும் அன்று கடலுக்குப் போவார்கள். தீவின் பெரிய வருமானம் சிங்கி இறால். கிடைக்கிற நல்ல நாளை ஊரே சேர்ந்து பயன்படுத்திக்கொள்கிறது. பொறுமை என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நாம் நினைக்கிறோம். வலையைச் சீர் செய்து, படகைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் அவர்களுடைய பொறுமை.

இந்த ஊர் பிறந்த கதையும் கேட்கத் தக்கது. நெப்போலியனை செயிண்ட் ஹெலினாவில் சிறை வைத்திருந்த காலம். அவரை மீட்க யாரும் இந்தத் தீவைத் தளமாக்கிவிடக் கூடாது என்று 1816இல் பிரிட்டன் இங்கே ஒரு படைப்பிரிவை நிறுத்தியது. மறு ஆண்டே அதைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆனால் வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மனைவி மக்களோடு தங்கிவிட்டார். அவரோடு இரண்டு கல்தச்சர்களும் இருந்தார்கள். 1817 நவம்பரில் அவர்கள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். கால்நடையும் சரக்கும் எல்லாருக்கும் பொது, லாபத்தில் சம பங்கு, செலவிலும் சம பங்கு, ஒருவருக்கு மேல் ஒருவர் இல்லை. இதுதான் அதன் சாரம்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த எண்ணம் உயிரோடு இருக்கிறது. நிலம் ஊருக்குப் பொது. ஒரு குடும்பம் எத்தனை மாடு, எத்தனை ஆடு வளர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. மேய்ச்சல் புல் அழிந்துவிடக் கூடாது, ஒரு வீடு மட்டும் கொழுத்துவிடவும் கூடாது என்பது அதன் நோக்கம். ஊருக்குச் சற்றுத் தள்ளி உருளைக்கிழங்குத் தோட்டங்கள் இருக்கின்றன. காற்றைத் தடுக்க எரிமலைக் கற்களை அடுக்கிக் குட்டைச் சுவர் எழுப்பி, சிறு சிறு பாத்திகளாகப் பயிர் செய்கிறார்கள். அந்தக் கிழங்கு ஒரு காலத்தில் பணத்துக்குச் சமமாகவே இருந்தது. 1946இல் தீவுக்கென வரைந்த ஒரு மாதிரி அஞ்சல்தலையில், விலை ஒரு பென்னி என்பதோடு 4 உருளைக்கிழங்கு என்றும் குறித்திருந்தார்கள்.

பகிர்வது மனிதர்களோடு நின்றுவிடவில்லை. 2011 மார்ச்சில் ஒரு சரக்குக் கப்பல் பக்கத்திலுள்ள நைட்டிங்கேல் தீவில் மோதி உடைந்தது. மாலுமிகள் 22 பேரும் பிழைத்தார்கள். ஆனால் கசிந்த எண்ணெய் பெங்குயின்களின் உடலில் அப்பியது. தீவு மக்கள் 3,700க்கு மேற்பட்ட பெங்குயின்களைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கழுவி, மீன் ஊட்டிப் பராமரித்தார்கள். பிழைத்தவை பத்தில் ஒன்றுதான். அதற்காக யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. 2020இல் தங்களைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 7 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தவர்களும் இவர்களே.

இவர்களுக்கு வந்த பெரிய சோதனை 1961 அக்டோபரில். ஊரை ஒட்டியே பூமி பிளந்து எரிமலைக் குழம்பு கிளம்பியது. ஊர் மொத்தமும் வீடு வாசலை விட்டுப் புறப்பட்டு, கேப் டவுன் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அங்கே வீடு, வேலை, மின்சாரம், தொலைக்காட்சி எல்லாம் கிடைத்தன. இனி இவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று பலரும் நினைத்தார்கள். 1962 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றவர்கள் 148 பேர், வேண்டாம் என்றவர்கள் 5 பேர். 1963இல் பெரும்பாலோர் திரும்பினார்கள். சில ஆண்டுகளில் அவர்களில் சிலர் மறுபடி இங்கிலாந்துக்கே போனார்கள் என்பதும் உண்மை. தீவு வாழ்க்கை எல்லாருக்கும் ஏற்றதல்ல.

ஆனாலும் அந்த 148 வாக்குகளை நான் பெரிதாக மதிக்கிறேன். வசதி என்றால் என்ன என்று நேரில் பார்த்து, அனுபவித்த பிறகு போட்ட வாக்குகள் அவை. ஒருவரையொருவர் நம்பி வாழ்வதை அவர்கள் வசதிக்கு மேலாக வைத்தார்கள். காற்றுக்கும் கடலுக்கும் முன்னால் தனியாளாக எவரும் நிற்க முடியாது என்பது அங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் அங்கே சமத்துவம் அன்றாட நடைமுறையாக இருக்கிறது.

நேயர்களே, நம் ஊரிலும் ஏரி இருக்கிறது, மேய்ச்சல் நிலம் இருக்கிறது, நிலத்தடி நீர் இருக்கிறது. எல்லாம் பொதுச் சொத்து. அவற்றில் என் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்வோம். அதற்கு மேல் எடுக்காமல் இருப்போம். 200 பேரால் முடிந்தது நம்மாலும் முடியும்.