பையிலேயே கிடந்த பாரம்



பள்ளி நாட்களைத் திரும்பிப் பார்ப்பவர்கள், வாங்கிய பரிசுகளையும் செய்த குறும்புகளையும் சொல்வது வழக்கம். நாங்கள் இன்று சொல்லப் போவது ஒரு தாளைப் பற்றி.

நாங்கள் இருவரும் கோல சிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். 1976-ஆம் ஆண்டில் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்தோம். மறு ஆண்டு பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தோம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதலாம் படிவத்திற்குப் போகுமுன் மலாய்மொழியைப் பழகிக்கொள்ள ஓராண்டு படித்த வகுப்பு அது. பெற்றோர் பெரட்டுக்குக் கிளம்பும் இருட்டிலேயே நாங்களும் எழுந்து, பேருந்துக்கு நடப்போம். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்கள் ஆறு பேர்.

அந்த ஆறு பேரில் கணக்கில் முந்தி நின்றவள் ஒரு பெண். ஆசிரியர் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன்பே விடை சொல்லிவிடுவாள். எங்களுக்குப் புரியாத கணக்கைப் பேருந்திலேயே சொல்லிக் கொடுப்பாள்.

1978-இல் முதலாம் படிவத்திற்கு வந்தோம். பள்ளியில் ஒரு பாரம் கொடுத்தார்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பாடநூல்களை இரவல் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் 1975-இல் தொடங்கியிருந்தது. படித்து முடித்து நூல்களைத் திருப்பிக் கொடுத்தால் போதும். காசு கட்ட வேண்டியதில்லை. தகப்பனாரின் சம்பளத்தை எழுதி, கையெழுத்து வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால், பாரத்தின் தலைப்பில் 'பிஞ்சாமான்' என்ற மலாய்ச் சொல் இருந்தது. தமிழில் இரவல் வேறு, கடன் வேறு. மலாயில் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். அந்தப் பெண்ணின் தகப்பனார் அதைக் கடன் என்றே எடுத்துக்கொண்டார். "கடையில் இருக்கிற பற்றே இன்னும் தீரவில்லை. புத்தகத்துக்கும் கடனா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கடனால் நொந்த மனிதர் அவர். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

எங்கள் வீடுகளிலும் இதே பேச்சு எழுந்தது. தோட்டத்துக் கிராணியார் விளக்கிச் சொன்னதால் எங்கள் அப்பாமார் கையெழுத்துப் போட்டார்கள். அந்த விளக்கத்தை நாலு வீடு தள்ளிப் போய் நாங்கள் சொல்லவில்லை. பாரம் இன்னும் பையில்தான் இருக்கிறது என்று அவள் பேருந்தில் சொன்னாள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தோம்.

நூலில்லாமல் வகுப்புக்கு வந்து திட்டு வாங்கினாள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாள். காய்ச்சலாக இருக்கும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஏப்ரல் மாதத்தில், அம்மாவின் பின்னால் பால் வாளி தூக்கிப் போனவளைக் கண்டோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. அல்லது பார்க்காதது போல் போனாள்.

மற்ற மூவர், சிலர் மூன்றாம் படிவத்தோடும் சிலர் ஐந்தாம் படிவத்தோடும் நின்றார்கள். நாங்கள் இருவர் 1980-இல் எஸ்.ஆர்.பி., 1982-இல் எஸ்.பி.எம்., 1984-இல் எஸ்.டி.பி.எம். தேர்வுகளை எழுதி, 1985-இல் கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தோம். அங்கேயும் ஒரு பாரம் வந்தது. அது உண்மையாகவே கடன். படித்து முடித்துத் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். நாங்கள் தயங்காமல் கையெழுத்துப் போட்டோம். போட்ட பிறகுதான் பேனா கனத்தது. கடனே இல்லாத ஒன்றைக் கடன் என்று நினைத்து ஒரு குடும்பம் பிள்ளையை நிறுத்தியது. கடனை வாங்கி நாங்கள் பட்டதாரிகள் ஆனோம். இடையில் இருந்தது அறிவின் ஏற்றத்தாழ்வு அன்று. ஒரு சொல்லின் விளக்கம்.

நேயர்களே, அந்தத் தோட்டங்கள் பல இன்று இல்லை. பல குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டன. பாரங்கள் மட்டும் நிற்கவில்லை. இப்போது கைப்பேசியிலும் வருகின்றன. எது வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது இரவலா? திருப்பித் தரவேண்டாத உதவித்தொகையா? அல்லது பி.டி.பி.டி.என். கொடுப்பது போன்ற, திருப்பிக் கட்டவேண்டிய கடனா? தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் புரிந்த செய்தியை அடுத்த வீட்டிலும் சொல்லுங்கள். கூடப் படிப்பவர் மூன்று நாள் வராவிட்டால், காய்ச்சல் என்று நீங்களே முடிவு கட்டாமல் வாசலுக்குப் போய்க் கேளுங்கள்.

சில ஆண்டுகள் கழித்து அந்தத் தோழியை ஒரு பள்ளியின் அலுவலகத்தில் சந்தித்தோம். மகளைச் சேர்க்க வந்திருந்தாள். கையில் ஒரு பாரம். எங்களைக் கண்டதும் நலம் விசாரிப்பதற்கு முன்பே அதை நீட்டி, "இதை முழுசாகப் படித்துச் சொல்லுங்கள்" என்றாள். கடைசி வரி வரை படித்துச் சொன்னோம். அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டாள்.